நெல்மணி தரும் சான்று: தொல்பயிர் எச்சங்களின் வேதியியல் பகுப்பாய்வும் திணைசார் வேளாண்மையும்

ஆய்வுச் சுருக்கம்

அகழாய்வுகளில் கிடைக்கும் நெல், சிறுதானியம், பயறு ஆகியவற்றின் எச்சங்கள் இன்று வேதியியல் முறைகளால் பகுத்தாராயப்படுகின்றன. பொருந்தல், சிவகளை ஆகிய ஊர்களில் கிடைத்த நெல்லுக்குப் பெறப்பட்ட காலக்கணிப்புகள் தமிழ் எழுத்தின் தொன்மை, பொருநை ஆற்றங்கரைப் பண்பாட்டின் தொன்மை ஆகியன குறித்த உரையாடல்களில் முதன்மைச் சான்றுகளாக எடுத்தாளப்படுகின்றன. அந்த ஆண்டெண்கள் எவ்வாறு பெறப்படுகின்றன, எவ்வளவு முடிபைத் தாங்கவல்லன என்பதை இக்கட்டுரை விளக்குகிறது. காலத்தை மட்டுமன்றிப் பயிர்வகை, நீர்வளம், எருவிடுதல் ஆகியவற்றையும் தானியத்திடமிருந்து கேட்டறிய இயலும் என்பதையும், அக்கேள்விகளே திணை ஆய்வுக்கு நெருக்கமானவை என்பதையும், திருவில்லிபுத்தூர் – இராசபாளையம் வட்டார வேளாண்மையை ஒப்பீட்டுக் களமாகக் கொண்டு எடுத்துரைக்கிறது.

திறவுச்சொற்கள்: தொல்தாவரவியல், கரிமம்-14, நிலையான ஐசோடோப்புகள், பொருந்தல், சிவகளை, திணை, ஐவனம், கண்மாய்ப் பாசனம்.

முன்னுரை

சங்க இலக்கியத்தையும் தொல்லியலையும் இணைத்து எழுதப்படும் ஆய்வுக் கட்டுரைகளில் அகழாய்வு நெல்லுக்கு அண்மைக் காலத்தில் தனி இடம் கிடைத்துள்ளது. ஆயினும் அக்கட்டுரைகள் பெரும்பாலும் ஓர் ஆண்டெண்ணோடு நின்றுவிடுகின்றன. ஆய்வகம் தந்த எண் மேற்கோளாகக் காட்டப்படுகிறது. அவ்வெண் எதனை அளந்து பெறப்பட்டது என்னும் வினா எழுப்பப்படுவதில்லை. கல்வெட்டு ஒன்றை மேற்கோள் காட்டுவோர் அதன் எழுத்தமைதி, சிதைவு, பாடவேறுபாடு ஆகியவற்றை நோக்காமல் விடுவதில்லை. ஆய்வக அறிக்கையும் ஒருவகைப் பனுவலே. அதனையும் அதே கவனத்தோடு வாசித்தல் வேண்டும். அதற்கு வேதியியலில் பட்டம் தேவையில்லை. சில அடிப்படைகளை அறிந்திருந்தால் போதும்.

தானியம் ஒன்று ஈராயிரம், மூவாயிரம் ஆண்டுகள் மண்ணுள் எஞ்சுவதே அரிது. ஈரமும் நுண்ணுயிரும் மிக்க வெப்பமண்டல மண்ணில் பச்சைத் தானியம் விரைவில் அழியும். காற்றுக் குறைந்த சூழலில், ஏறத்தாழ 250 பாகை செல்சியசு வெப்பத்தில் மெல்லக் கரிந்த தானியம் மட்டும் வடிவம் குலையாமல் கரியாக நிலைபெறும். நேரடி நெருப்பில் வீழ்ந்தது சாம்பலாகிவிடும். மூடிய ஈமக்குழியோ வாய்மூடிய கலமோ காத்துத் தருவனவும் உண்டு. உமியின் நிலை வேறு. நெல்லுமியை எரித்தால் எஞ்சும் சாம்பல் ஏறத்தாழ 20 விழுக்காடு. அதிற் பெரும்பகுதி சிலிக்கா. பயிரின் உயிரணுக்களில் படிந்த அச்சிலிக்கா, தாவரம் மட்கிய பின்னும் நுண்துகள்களாக மண்ணில் தங்குகிறது. பைட்டோலித் என வழங்கும் அத்துகள்களில் நெல்லுமிக்குரியவை இரட்டை முகடு கொண்ட தனி வடிவத்தால் நுண்ணோக்கியில் அடையாளம் காணப்படுகின்றன.

காலம்: ஒரு பருவத்தின் கரிமம்

வளிமண்டலக் கரியமில வாயுவில் மிகச் சிறிய அளவில் கதிரியக்கம் உடைய கரிமம்-14 கலந்துள்ளது. பயிர் உயிரோடிருக்கும்வரை அதனை உட்கொள்கிறது; அறுத்த பின் உட்கொள்வதில்லை. உள்ளிருப்பது 5730 ஆண்டுகளுக்கு ஒருமுறை பாதியாகக் குறைகிறது. 2500 ஆண்டுப் பழமையுடைய நெல்லில் தொடக்க அளவில் ஏறத்தாழ 74 விழுக்காடு எஞ்சியிருக்கும். இந்த எச்சத்தை அளப்பதே 1949ஆம் ஆண்டளவில் வில்லார்ட் லிப்பி உருவாக்கிய முறையின் சாரம். அதற்காக அவர் 1960இல் நோபல் பரிசு பெற்றார். தொடக்கத்தில் இதற்குக் கிராம் கணக்கில் கரி தேவைப்பட்டது. 1970களின் பிற்பகுதியில் வந்த ஏ.எம்.எஸ். எனும் முடுக்கி நிறைமாலை முறை, கரிமம்-14 அணுக்களை நேரடியாக எண்ணுவதால் ஒரு மில்லிகிராம் அளவுக் கரிமத்தோடு நிறைவடைகிறது. ஒற்றை நெல்மணிக்குக் காலம் கணிக்க இயன்றது அதன் பிறகே.

கரித்துண்டைவிடத் தானியம் சிறந்த சான்றாவதன் காரணம் இங்கேதான் உள்ளது. மரத்தின் ஒவ்வொரு வளையமும் அது வளர்ந்த ஆண்டின் கரிமத்தையே தாங்கி நிற்கும். நூற்றாண்டுகள் வாழ்ந்த மரத்தின் வயிரப் பகுதி அடுப்பெரிக்கப்பட்டால், கணிப்பு தருவது அவ்வயிரம் வளர்ந்த காலத்தையே. அடுப்பு எரிந்த காலத்தை அன்று. பழைய வீட்டின் உத்தரம் விறகாகும்போது இடைவெளி மேலும் பெருகும். நெல்லோ ஒரே பருவத்தில் விளைந்து அறுக்கப்படுவது. அதன் கரிமம் குறிப்பது ஓர் அறுவடையை.

பழனிக்கு அருகில் மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் உள்ள பொருந்தலில், புதுவைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் கா. இராசன் 2009, 2010ஆம் ஆண்டுகளில் அகழாய்வு நிகழ்த்தினார். ஈமச்சின்னம் ஒன்றில் நாற்கால் சாடியினுள் ஏறத்தாழ இரண்டு கிலோ நெல் கிடைத்தது. அதே ஈமச்சின்னத்தில் தமிழ்-பிராமி எழுத்துப் பொறித்த பிரிமனை ஒன்றும் இருந்தது. அந்நெல்லுக்கு அமெரிக்காவின் பீட்டா அனலிட்டிக் ஆய்வகம் தந்த கணிப்பு கி.மு. 490. பொருந்தலிலிருந்து பெற்ற இரண்டாம் நெல் மாதிரிக்குக் கி.மு. 450 எனக் கணிப்பு வந்தது. தமிழ்-பிராமி அசோகருக்கு முற்பட்டது என்னும் கருத்துக்கு இந்நெல் வலுவூட்டியது. அதனாலேயே விவாதத்துக்கும் உள்ளாகியது.

இவ்விவாதத்தில் இரண்டு படிகளைப் பிரித்து நோக்குதல் தகும். முதலாவது, நெல்லின் காலம் எழுத்தின் காலமாகுமா என்பது. கலத்தில் எழுத்தைப் பொறித்த நாளும் நெல் அறுத்த நாளும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. ஆயின் இரண்டும் ஒரே அடக்கத்தின்போது உள்ளே வைக்கப்பட்டனவாயின், எழுத்து அந்த அடக்கத்துக்குப் பிற்பட்டதாக இருக்க முடியாது. ஆகவே வாதம் நிற்பது வேதியியலில் அன்று. ஈமச்சின்னம் பின்னர் திறக்கப்படவில்லை என்பதற்கான மண்ணடுக்குச் சான்றில். ஆய்வகம் எவ்வளவு நுட்பமாக அளந்தாலும் இவ்வினாவுக்கு விடையளிக்க வல்லவர் அகழாய்வாளரே.

இரண்டாவது படி, 490 என்னும் எண்ணின் இயல்பு பற்றியது. கரிமம்-14இன் வளிமண்டல அளவு எல்லா நூற்றாண்டுகளிலும் ஒரே சீராக இருந்ததில்லை. எனவே ஆய்வகம் அளந்த மூல ஆண்டை, மரவளையங்களைக் கொண்டு அமைத்த அளவுத்திருத்த வளைகோட்டில் பொருத்தியே நாட்காட்டி ஆண்டைப் பெறுகின்றனர். கி.மு. 800 முதல் 400 வரையிலான பகுதியில் அவ்வளைகோடு ஏறத்தாழச் சமதளமாகப் படுத்துவிடுகிறது. ஆல்சுடாட் சமதளம் என்பது அதன் பெயர். அந்நானூறு ஆண்டுகளுள் எந்தப் பருவத்தில் விளைந்த தானியமும் கிட்டத்தட்ட ஒரே மூல ஆண்டையே காட்டும். பொருந்தலின் இரு கணிப்புகளும் இச்சமதளத்துள் அமைகின்றன. கரிமாதிரியிலிருந்து பெறப்பட்ட கீழடியின் கி.மு. 580ஆம் அவ்வாறே. ஆதலின் 490, 450, 580 என்னும் எண்களை வரிசைப்படுத்தி, ஓர் ஊர் மற்றோர் ஊரைவிட இத்தனை ஆண்டு முற்பட்டது எனக் கணக்கிடுவது பொருந்தாது. அவை நீண்ட இடைவெளிகளின் நடுப்புள்ளிகளே.

இதனால் பொருந்தல் நெல்லின் சான்று வலுவிழந்துவிட்டதா எனின், இல்லை. சமதளத்தின் பிற்பட்ட எல்லையே கி.மு. 400ஐ ஒட்டியது, அசோகரின் காலமோ கி.மு. மூன்றாம் நூற்றாண்டு. இடைவெளியின் எந்த முனையை எடுத்துக்கொண்டாலும் அந்நெல் அசோகருக்கு முற்பட்ட அறுவடையே. கூரிய ஆண்டு ஒன்றைப் பற்றிக்கொள்ளும் வாதத்தைவிட இந்த அகன்ற வாதம் உறுதியானது என்பது இக்கட்டுரையாளர் கருத்து. நம்மவர் பலர் மாறாகவே செய்கின்றனர்: உறுதியான இடைவெளியை விட்டு, உறுதியற்ற ஒற்றை எண்ணைத் தலைப்பாக்குகின்றனர்.

சிவகளைச் செய்தி வேறுவகையில் படிப்பினை தருகிறது. தூத்துக்குடி மாவட்டம் சிவகளையில் முதுமக்கள் தாழியிலிருந்து எடுத்த நெல்லுமி கலந்த மாதிரிக்குக் கி.மு. 1155 எனக் கணிப்பு வந்ததைத் தமிழக முதலமைச்சர் 2021 செப்டம்பரில் சட்டமன்றத்தில் அறிவித்தார். 2025 சனவரியில் வெளியான இரும்பின் தொன்மை குறித்த தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை அறிக்கையில், அதே ஊரின் கரிமாதிரிகளுக்குக் கி.மு. 3345 வரை செல்லும் கணிப்புகள் இடம்பெற்றன. இரண்டுக்கும் இடையே ஈராயிரம் ஆண்டுகளுக்கும் மேற்பட்ட இடைவெளி உள்ளது. மேற்கூறிய மரவயிரச் சிக்கல் நூற்றாண்டுகளை விளக்கலாம். ஈராயிரம் ஆண்டுகளை அது ஒன்றே விளக்கிவிடாது. இடுகாடு மிக நீண்ட காலம் பயன்பட்டிருக்கலாம். தாழிக்குத் தாழி காலம் வேறுபடலாம். எவ்வாறாயினும், சிவகளையின் காலம் என ஒற்றை எண்ணைக் கூறுவதைவிட, எந்தத் தாழியின் எந்தப் பொருளுக்குரிய காலம் எனக் கூறுவதே முறை. கரி கிடைத்த தாழிகளிலேயே தானியமும் கிடைத்து, இரண்டும் தனித்தனியே கணிக்கப்படுமாயின், இச்சிக்கலில் பெரும்பகுதி தீரும்.

பயிர்வகை: நெல்லும் புன்செய்த் தானியமும்

தமிழ் மாணவர்க்குக் காலத்தினும் ஈர்ப்புடைய பகுதி இனி வருவது. கரிமம்-14 தவிர, சிதையாத கரிமம்-12, கரிமம்-13 என்னும் இரு ஐசோடோப்புகளும் பயிரில் உள்ளன. இவற்றின் விகிதம் பயிரின் ஒளிச்சேர்க்கை முறையைச் சார்ந்தது. நெல், கோதுமை, பயறுவகை, பருத்தி ஆகியன ஒரு முறையைப் பின்பற்றுவன. அவற்றின் கரிம மதிப்பு ஆயிரத்துக்கு −26ஐ ஒட்டி அமையும். தினை, வரகு, சாமை, குதிரைவாலி, கம்பு, சோளம், கேழ்வரகு, கரும்பு ஆகியன மற்றொரு முறையின. அவற்றின் மதிப்பு −12ஐ ஒட்டியது. இரண்டுக்கும் இடையே உள்ள இடைவெளி பெரிது, குழப்பத்துக்கு இடமில்லை. உடைந்து உருத்தெரியாத கரித்துகளாயினும் அது நெல்வகையா, புன்செய்ச் சிறுதானியமா என இம்முறையால் கூறிவிடலாம்.

மருதத்துக்கு நெல்லும், குறிஞ்சிக்குத் தினையும், முல்லைக்கு வரகும் சாமையும் எனக் கருப்பொருள் வரிசையில் உணவு பகுக்கப்பட்டிருப்பதை இங்கு நினைவுகூரலாம். இலக்கணம் வகுத்த இப்பகுப்பில் நெல்லுக்கும் புன்செய்த் தானியத்துக்கும் இடையிலுள்ள கோடும், ஐசோடோப்பு வரையும் கோடும் ஒரே இடத்தில் செல்கின்றன. இது தற்செயல்; எனினும் பயனுள்ள தற்செயல். ஆனால் தினையையும் வரகையும் ஒன்றிலிருந்து ஒன்று பிரிக்க இம்முறை உதவாது. இரண்டும் கோட்டின் ஒரே பக்கத்தன. அங்கே தொல்தாவரவியலாரின் கண்ணும் நுண்ணோக்கியுமே வேண்டும். கருநாடக, ஆந்திரப் பகுதிகளின் புதிய கற்கால ஊர்களில் சிறுதானியங்களும் பாசிப்பயறும் கொள்ளும் அடிப்படை உணவாக இருந்தன என்பதை இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியின் டோரியன் புல்லரும் அவருடன் பணியாற்றிய இந்திய ஆய்வாளர்களும் நிறுவியது விதைகளின் வடிவத்தை ஆராய்ந்தே. வடிவம் தெரிந்தால் வேதியியலைவிட அது விரைவாகவும் செலவின்றியும் விடை தரும்.

இங்கு ஓர் எச்சரிக்கை தேவை. ஈமச்சின்னத்தில் வைத்த நெல் நாள்தோறும் உண்ட உணவைக் குறிக்க வேண்டியதில்லை. இன்றும் கம்பும் சோளமும் விளையும் ஊர்களில் வாய்க்கரிசி இடுவது அரிசியே. சடங்குக்கு உரியதாக மதிக்கப்பட்ட பொருள் எது என்பதை ஈமநெல் கூறுகிறது. உலையில் வெந்தது எது என்பதை அடுப்படிச் சாம்பலும், குப்பைக்குழியும், பானை உட்புறத்தில் ஊறிய கொழுப்பெச்சமுமே கூறவல்லன. வாழ்விடத்தில் கிடைத்த கரிந்த தானியமும் இடுகாட்டு நெல்லும் ஒரே பட்டியலில் வைக்கத்தக்கன அல்ல.

நீரும் எருவும்

ஒரே பயிரினுள்ளும் கரிம மதிப்பு சற்று ஏறியிறங்கும். நீர் குன்றியபோது பயிர் இலைத்துளைகளை மூடிக்கொள்கிறது; உள்ளே வரும் கரியமில வாயு குறைகிறது; கிடைத்ததில் கனமான கரிமம்-13ஐ ஒதுக்காமல் ஏற்றுக்கொள்கிறது. ஆகவே வறட்சியில் விளைந்த தானியத்தின் மதிப்பு −26இலிருந்து −24, −23 என மேலே நகரும். இவ்விளைவு நெல்வகை ஒளிச்சேர்க்கை உடைய பயிர்களில் தெளிவாகத் தெரியும். சிறுதானியங்களில் மங்கலாகவே தெரியும். நைட்ரசன்-15இன் கதை வேறு. கால்நடை எரு இட்ட நிலத்தில் விளைந்த தானியத்தில் அது மிகுந்து காணப்படும். ஐரோப்பாவின் முதல் உழவர்கள் தம் கோதுமை, வாற்கோதுமை வயல்களுக்கு எருவிட்டனர் என்பதை ஏமி போகார்டு குழுவினர் 2013இல் காட்டியது இவ்வழியில்தான். கரிதலால் இம்மதிப்புகள் பெரிதும் மாறுவதில்லை என்பதையும் சோதனைகள் காட்டியுள்ளன. நைட்ரசனில் ஆயிரத்துக்கு ஏறத்தாழ 0.3 அளவே மாற்றம் நேர்கிறது.

இவ்வெண்களைத் தமிழகத் தானியத்துக்குப் பொருத்திப் பார்க்க, தமிழக வயல்களிலிருந்தே ஒப்பீட்டு அளவுகள் வேண்டும். ஐரோப்பிய வாற்கோதுமையின் அளவுகோலால் கண்மாய் நெல்லை அளத்தல் இயலாது. அதற்கு விருதுநகர் மாவட்டத்தின் மேற்குப் பகுதி மிகவும் ஏற்ற களம். திருவில்லிபுத்தூர், இராசபாளையம் ஆகிய ஊர்களின் மேற்கே மலை. மலையடிவாரம் தொட்டுக் கண்மாய்ச் சங்கிலி. கண்மாய்க்குக் கீழே நன்செய். சில கல் தொலைவு கிழக்கே சென்றால் வானம் பார்த்த கரிசல். ஒரே மழைக்காலத்தில், ஏறத்தாழ ஒரே வெப்பநிலையில், நீர் நின்ற வயலின் நெல்லையும் மானாவாரிக் குதிரைவாலியையும் பயறையும் அருகருகே மாதிரியெடுக்க முடிகிற இடம் இது. கோடையில் கண்மாய் வண்டலை வண்டியேற்றி வயலில் கொட்டுவதும், அறுவடைக்குப் பின் ஆட்டுக்கிடை மறிப்பதும் இங்கு அறியப்பட்ட வழக்கங்கள். கிடை மறித்த வயலின் தானியத்தையும் மறிக்காத வயலின் தானியத்தையும் தனித்தனியே அளந்தால், தொல்தானியத்தின் நைட்ரசன் மதிப்பை எவ்வாறு வாசிப்பது என்பதற்கு நம் நிலத்திலிருந்தே ஓர் உரைகல் கிடைக்கும்.

அவ்வாறு அளக்கும்போது இரு திருத்தங்கள் இன்றியமையாதன. நிலக்கரியும் பெட்ரோலியமும் எரித்ததால் இன்றைய வளிமண்டலக் கரியமில வாயுவின் கரிம மதிப்பு ஆயிரத்துக்கு −8.5ஐ ஒட்டி இறங்கிவிட்டது. தொழிற்புரட்சிக்கு முன்னர் அது −6.5ஐ ஒட்டியிருந்தது. இன்றைய நெல்லுக்கும் பழைய நெல்லுக்கும் இடையே இந்த இரண்டு அலகு வேறுபாட்டைக் கழித்த பின்னரே நீர்வளம் பற்றிப் பேச முடியும். மேலும் நீர் தேங்கிய வயலில் நைட்ரசனின் ஒரு பகுதி வாயுவாக வெளியேறுகிறது. அதனாலும் எஞ்சியதில் நைட்ரசன்-15 மிகும். எருவிடாத நன்செய் நெல்லும் எருவிட்டதுபோல் தோற்றமளிக்கக்கூடும். இதனை அறியாமல் உயர்ந்த மதிப்பைக் கண்டவுடன் உழவர் எருவிட்டனர் என எழுதுவது பிழையாகும்.

இவ்வட்டாரத்து ஓடைகள் நீர் கொணரும் வைப்பாற்றின் கரையில், வெம்பக்கோட்டையை அடுத்த விசயகரிசல்குளம் மேட்டில், 2022 முதல் அரசு தொல்லியல் துறை அகழாய்வு நடத்தியுள்ளது. சங்கு வளையல்களும் சுடுமண் பொருள்களும் அங்குப் பெருமளவில் கிடைத்தன. ஊர்ப்பெயரிலேயே கரிசலும் குளமும் இருப்பது நோக்கத்தக்கது. அம்மேட்டில் வாழ்ந்தோர் கரிசலின் புன்செய்த் தானியத்தை உண்டனரா, குளத்து நெல்லை உண்டனரா, அன்றி இரண்டையும் உண்டனரா என்பது கரிந்த தானியங்களின் ஐசோடோப்பு மதிப்பால் விடை காணத்தக்க வினா.

ஐவனம்: ஒரு சோதனைக் களம்

சங்கப் பாடல்களில் குறிஞ்சி நிலத்து விளைவாகத் தினை மட்டுமன்றி ஐவனம் என்னும் மலைநெல்லும் பேசப்படுகிறது. நெல் மருதத்துக்கு உரியது என்னும் பொதுவிதியோடு இது முரணுவதுபோல் தோன்றும். உரைமரபு ஐவனத்தை மலைநெல் எனப் பொருள் கூறி அமைகிறது. அது மழையை நம்பி மலைச்சரிவில் விளைந்த நெல்லா, மலைப்பள்ளத்தில் நீர் தேக்கி விளைவித்ததா என்பது பாடல்களை மட்டும் கொண்டு தெளிவாவதில்லை.

இவ்வினாவை வேதியியல் வினாவாக மாற்றி அமைக்கலாம். மலையடிவார ஊர் ஒன்றில் தொல்நெல் கிடைக்குமாயின், அதன் கரிம மதிப்பைச் சமவெளிக் கண்மாய்ப் பகுதியின் சமகால நெல்லோடு ஒப்பிட வேண்டும். மானாவாரியாக விளைந்ததாயின் அது மேல்நோக்கி நகர்ந்திருக்கும். ஆனால் நெல்லில் இந்நகர்வு சிறிது. ஒன்றிரண்டு மணிகளைக் கொண்டு முடிவு கூறலாகாது, பல மணிகளைத் தனித்தனியே அளத்தல் வேண்டும். இதற்குத் துணைச்சான்று களையிலிருந்து கிடைக்கும். நீர் நின்ற வயலில் கோரை இனங்கள் மிகும்; மானாவாரி நிலத்தில் வறள்நிலப் புல்லினங்கள் மிகும். நெல்லோடு கலந்து கரிந்த களைவிதைகளும், மண்ணில் தங்கிய களைகளின் பைட்டோலித்துகளும் வயலின் ஈரத்தைக் காட்டிக்கொடுக்கும். வேதியியலும் களையும் ஒரே திசையைச் சுட்டினால் ஐவனம் பற்றிய உரைக்குறிப்புக்கு மண்ணிலிருந்து ஒரு விளக்கம் கிடைக்கும். பொருந்தல் மலையடிவாரத்தில் அமைந்தது என்பதும், அங்கு நெல் கிலோ கணக்கில் கிடைத்தது என்பதும் இவ்வாய்வுக்குரிய வாய்ப்பைக் காட்டுகின்றன.

களத்தில் தொடங்கும் வேதியியல்

இவ்வளவும் நிகழ்வதற்குத் தானியம் முதலில் கையில் கிடைக்க வேண்டும். கண்ணுக்குத் தெரிந்ததை மட்டும் பொறுக்கினால் நெல் கிடைக்கும். கடுகளவே உள்ள சாமையும் தினையும் மண்ணோடு கொட்டப்பட்டுவிடும். அதன் பின் நெல்லே மிகுதி என்று எழுதுவது, நாம் பொறுக்கியதைப் பற்றிய கூற்றாகுமேயன்றி அவர்கள் விளைவித்ததைப் பற்றிய கூற்றாகாது. அடுப்பு, குழி, கலம் ஆகிய ஒவ்வொன்றின் மண்ணையும் அளவிட்டு நீரில் கரைத்து, மேலே மிதக்கும் கரித்துகள்களை நுண்கண் சல்லடையில் வடித்தெடுக்கும் மிதப்பு முறையே இதற்குத் தீர்வு. தேவைப்படுவன வாளியும் நீரும் மெல்லிய சல்லடைத் துணியும் பொறுமையும்.

எடுத்த தானியத்தை வெறுங்கையால் தொடுவதும், பசையிட்டு ஒட்டுவதும், பஞ்சில் பொதிவதும் புதுக்கரிமத்தைச் சேர்த்துவிடும். அலுமினியத் தாளில் மடித்து, ஈரம் உலர்த்தி, குழி எண்ணும் ஆழமும் எழுதிய சீட்டைத் தானியத்தில் படாதவாறு வெளியுறையில் இடுதல் நன்று. வேர்த்துணுக்குகளையும் மண்ணின் மட்கமிலங்களையும் ஆய்வகத்தார் அமிலம், காரம், மீண்டும் அமிலம் என மும்முறை கழுவி நீக்குவர்.

அளத்தல் என்பது அழித்தலும் ஆகும். எரித்து வாயுவாக்கிய நெல்மணி திரும்ப வராது. ஆகவே அனுப்பும் முன்னர் ஒவ்வொரு மணியின் நீள அகலத்தைக் குறித்து, நிழற்படம் எடுத்து, இனம் கண்டு பதிவு செய்தல் வேண்டும். மாதிரியில் ஒரு பகுதியைப் பதிவெண்ணோடு அருங்காட்சியகத்தில் வைத்துக்கொள்ளுதல் வேண்டும். முப்பது ஆண்டுக்குப் பின் வேறொரு முறையோடு வருபவர் கேட்கப்போவது அந்தப் பகுதியைத்தான்.